தெருவில் தேங்கும் மழைநீர்: மாநகராட்சியிடம் வடிகால் கேட்பதா, குளம் கேட்பதா?

தை பிறந்ததும் சென்னை, தாம்பரம், ஆவடிப் பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்களில் ஒரே பேச்சுதான். முட்டளவுத் தண்ணீர் வடிந்துவிட்டது, சுவரில் கறை மட்டும் இருக்கிறது, அடுத்த மழைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் ஏரியா சபையில் மனு கொடுக்கலாம், கவுன்சிலரைப் பார்க்கலாம். ஆனால் என்ன கேட்பது? பாதிப் பேர் "கால்வாய் போடச் சொல்லுங்க" என்பார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஏரியைத் தூர்வாரச் சொல்வார். பக்கத்துத் தெருவில் உறைகிணறு, அதாவது மழைநீரை மண்ணுக்குள் விடும் வளையக் கிணறு, இறக்கியதைப் பார்த்துவிட்டு வந்தவர் அதையே நமக்கும் கேட்கலாம் என்பார். தாழ்வான கடைசி வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. "ஒரு மோட்டாரை நிரந்தரமா நிறுத்தச் சொல்லுங்க, போதும்" என்பார்.

நாலுமே நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால் எல்லாத் தெருவுக்கும் எல்லாம் பொருந்தாது. தப்பான இடத்தில் போட்ட வடிகால், வடிகாலே இல்லாததைவிட மோசமாகும். ஆற்றுத் தண்ணீரைத் தெருவுக்குள் கூட்டிவரும் வழியாக அது மாறிய இடங்கள் சென்னையில் இருக்கின்றன. சென்னைச் சுற்றுப்புறத்தை வைத்தே இந்த நான்கையும் எடைபோடுகிறேன்.

## மனு எழுதும் முன் பார்க்க வேண்டியவை

தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது, அது எந்த மட்டத்தில் இருக்கிறது? மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். சென்னை தட்டையான ஊர். பெரும்பகுதி கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கிறது. மே மாதத்தில் ஓடையை எட்டிப் பார்த்துவிட்டு, "பத்தடி பள்ளத்தில் கிடக்கிறது, தண்ணீர் தானாக ஓடிவிடும்" என்று முடிவு கட்டக் கூடாது. நவம்பரில் அதே ஓடை எந்த மட்டத்தில் ஓடியது என்பதைப் பாலத்துத் தூணில் படிந்திருக்கும் சேற்றுக்கோடு சொல்லும். அந்தக் கோட்டுக்கும் உங்கள் தெருவின் தாழ்ந்த இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் கணக்கு. இதற்கு சர்வேயர்கூட வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூப் போதும். தண்ணீர் நிரப்பிய அந்தக் கண்ணாடி நிறக் குழாயின் ஒரு முனையை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் அடுத்த மின்கம்பத்தில் மறுமுனையை வைத்துச் சாக்பீஸால் கோடு போட வேண்டும். கம்பம் கம்பமாக நகர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனையிலிருந்து ஓடை வரை வந்துவிடலாம். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். அதை மட்டும் தட்டித் தட்டி வெளியேற்றிவிட வேண்டும்.

மண் தண்ணீரைக் குடிக்குமா? கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மணல். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களிமண். தெருவில் பழைய கிணறு ஒன்று மூடாமல் இருந்தால், நவம்பர் கடைசியில் அதை எட்டிப் பாருங்கள். தரைக்கு இரண்டடி கீழே தண்ணீர் தெரிந்தால் அந்த மண்ணின் வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். பதினைந்து அடிக்குக் கீழே இருந்தால் இன்னும் இடம் இருக்கிறது.

சாக்கடை கலக்கிறதா? இதற்குச் சோதனைக்கூடம் தேவையில்லை. ஏப்ரல், மே மாதம், மழையே இல்லாத நாளில் வடிகால் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அது மழைநீர் இல்லை. யாரோ இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது பாதாளச் சாக்கடை நிரம்பி இங்கே வழிகிறது. கீழே சொல்லப்போகும் நான்கு வழிகளில் மூன்றை இந்த ஒன்றே கெடுத்துவிடும்.

எந்த மழைக்குத் தயாராகிறீர்கள்? அக்டோபர் மாலையில் இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்க்கும் 6 சென்டிமீட்டர் ஒரு வகை. 2015 டிசம்பர் 1-2இல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய 49 சென்டிமீட்டர் வேறு வகை. இரண்டாவதைத் தாங்கும் அளவுக்குத் தெரு வடிகால் கட்டுவது நடைமுறையில் அரிது. முதல் வகைதான் அடிக்கடி வரும். அதற்காவது தெரு காய வேண்டும் என்பதே நியாயமான கோரிக்கை.

வேலை யார் கையில்? உட்தெரு மாநகராட்சிக்கு. பெரிய சாலை பலவும் நெடுஞ்சாலைத் துறைக்கு. ஆறும் பெரிய ஏரியும் நீர்வளத் துறைக்கு. பாதாளச் சாக்கடை சென்னையில் குடிநீர் வாரியத்துக்கு. தண்டவாளத்துக்கு அடியில் போகும் சிறுபாலம் ரயில்வேக்கு. கோயில் குளம் அறநிலையத் துறைக்கு. உங்கள் தண்ணீர் இதில் எத்தனை எல்லைகளைத் தாண்டுகிறதோ, அத்தனை அலுவலகங்களுக்கு அலைய வேண்டும்.

கடைசியாக, ஆண்டு தவறாத செலவு. கட்டுவதற்கு உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் தரும். தூர்வார யாரும் தர மாட்டார்கள்.

ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டும். பத்து ஏக்கர் குடியிருப்பு, 10 சென்டிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். தரையெல்லாம் சிமென்ட், ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை என்றால் சுமார் 40 லட்சம் லிட்டர் தண்ணீர் சேரும். ஒரு கிரவுண்டுக்கு (2,400 சதுர அடி) மட்டும் 22,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் ஏற்றினால் 330 லாரிக்கு மேல் வரும். இந்த 40 லட்சத்தை ஒவ்வொரு வழியும் எப்படிக் கையாளும் என்பதுதான் கேள்வி.

## கான்கிரீட் மழைநீர் வடிகால்

2015க்குப் பிறகு சென்னையில் பெரும்பணம் இதற்குத்தான் போயிருக்கிறது. அடையாறு, கூவம் வடிநிலங்களுக்கு உலக வங்கி உதவியோடும், கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடும், கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் வளர்ச்சி வங்கிக் கடனோடும் வடிகால்கள் திட்டமிடப்பட்டன. கொசஸ்தலையாறு திட்டம் மட்டும் 769 கிலோமீட்டர், 3,220 கோடி ரூபாய்.

மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் உள்ள ஒரு வடிகால், ஆயிரம் அடிக்கு ஓரடி சாய்வோடு இருந்தால் விநாடிக்கு ஏறக்குறைய 800 லிட்டர் கடத்தும். நம் 40 லட்சம் லிட்டரை ஒன்றரை மணி நேரத்துக்குள் அனுப்பிவிடும். காகிதத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. சாய்வு நாலாயிரத்துக்கு ஓரடியாகக் குறைந்தால் ஓட்டம் பாதியாகும். அரையடி வண்டல் படிந்தால் இன்னும் குறையும். கடைசி முனையில் ஆறு நிரம்பி ஓடினால் ஓட்டமே நின்றுபோகும்.

கோளாறு வருவது பெரும்பாலும் அந்தக் கடைசி முனையில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரைக்கு அருகில் மெதுவாக நகர்ந்தபோது கடலும் எழும்பி நின்றது. ஆறுகள் கொண்டுவந்த தண்ணீரைக் கடல் எளிதில் வாங்கவில்லை. தென்சென்னைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தாம்பரம் தொடங்கி வேளச்சேரி வரை ஏரி ஏரியாக இறங்கிவரும் தண்ணீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பில் கூடி, ஒக்கியம் மடுவு என்ற ஒரே கழுத்து வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டுப் பக்கம் கடலைத் தேடுகிறது. மேலே எத்தனை புது வடிகால் சேர்த்தாலும் கழுத்து அதே கழுத்துதான். மேல்தெருக்காரர் சீக்கிரம் காய்ந்துவிடுவார். கீழே பெரும்பாக்கத்தில் இருப்பவர் சீக்கிரம் நனைவார். வடிகால் தண்ணீரை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. மனு கொடுக்கும்போது இதை மனத்தில் வையுங்கள். கீழ்த்தெருச் சங்கம் உங்களுக்கு எதிராக ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கக்கூடும்.

மறைந்திருக்கும் செலவுகளும் சில உண்டு. சாலைத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் ஓட்டை, ஒரு பாலித்தீன் பையும் நாலு இலையும் சேர்ந்தால் அடைந்துவிடும். மழைக்கு முந்திய வாரம் யாராவது கம்பியால் குத்திவிட வேண்டும். அந்த ஓட்டைக்கு உள்ளே வண்டல் பிடிக்கும் தொட்டி வைக்கும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் தொட்டியை அள்ள வேண்டும். அள்ளிய சேற்றை மூடி ஓரமாகவே குவித்துவிட்டு லாரி வரும் வரும் என்று காத்திருந்து, அடுத்த மழையில் அது திரும்ப உள்ளேயே போவதைப் பார்க்காத தெரு குறைவு. அடுத்தது சாலை மட்டம். பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்தது. வீடுகள் பள்ளத்துக்குப் போயின. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவு போட வேண்டியிருந்தது. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கும் தொழில் இந்த ஊரில் இவ்வளவு நன்றாக நடப்பதற்குக் காரணம் மழை மட்டுமில்லை.

தண்ணீரின் தரம் என்று பார்த்தால் இந்த வழிக்கு மதிப்பெண் மிகக் குறைவு. வடிகால் எதையும் வடிகட்டாது. முதல் மழை சாலையில் கிடக்கும் எண்ணெய், தூசு, நாய்க்கழிவு எல்லாவற்றையும் வாரி அப்படியே ஆற்றில் சேர்க்கும். திருட்டுச் சாக்கடை இணைப்பும் இருந்தால் ஆண்டு முழுக்க அதுவும் போகும். இணைப்பு வாங்கக் கட்டணம், சாலை வெட்ட அனுமதி என்று அலைவதைவிட, இரவோடு இரவாக வாசலிலிருக்கும் வடிகாலில் குழாயைச் சொருகுவது பலருக்கு எளிதாக இருக்கிறது. மாநகராட்சி அபராதம் போட்டு அடைக்கும். ஆறு மாதத்தில் வேறிடத்தில் முளைக்கும். பாதாளச் சாக்கடை வராத தெருவுக்கு வடிகால் மட்டும் போட்டால், போட்ட அன்றே அது சாக்கடைதான்.

மணல் நிலத்தில் வடிகால் வேறு வகையில் கேடு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் குடியிருப்புகளின் சங்கங்கள் கோவளம் வடிநிலத் திட்டத்தின் கடலோரப் பகுதியை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது இதற்காகத்தான். "மழை எங்கள் மணலில் தானாக இறங்குகிறது, கிணற்றில் நல்ல தண்ணீர் வருகிறது, அதைக் கான்கிரீட்டில் பிடித்துக் கடலுக்கு அனுப்ப வேண்டாம்" என்பது அவர்கள் வாதம். என்னைக் கேட்டால் அவர்கள் பக்கம்தான் நியாயம். கடலுக்கு அவ்வளவு அருகே நிலத்தடி நன்னீர் குறைந்தால் அடுத்து உள்ளே வருவது உப்புநீர்.

## ஏரி, குளம், போக்குக் கால்வாய் மீட்பு

இங்கே நம் 40 லட்சம் லிட்டருக்கு என்ன தேவை? ஒரு ஏக்கர் குளத்தில் ஒரு மீட்டர் காலி இடம். அவ்வளவுதான். பத்து ஏக்கருக்கு ஒரு ஏக்கர் என்ற கணக்கு மனத்தில் நிற்கும். தொண்டை மண்டலத்தில் ஊருக்கு ஊர் ஏரி வெட்டியவர்களுக்கு இது வேறு வடிவில் தெரிந்திருந்தது.

"காலி" என்ற நிபந்தனையில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஏரியைத் தூர்வாரினால் வெள்ளம் குறையும் என்பது பாதி உண்மை. வெள்ளத்துக்குப் பயன்படும் இடம், மழைக்கு முன் இருக்கும் நீர்மட்டத்துக்கும், ஏரி நிரம்பினால் வழியும் இடமான கலங்கலின் மட்டத்துக்கும் இடைப்பட்டது மட்டுமே. அடியில் பத்தடி தோண்டினாலும், அக்டோபர் மழையிலும் நிலத்தடி ஊற்றிலும் அந்தப் பள்ளம் நிரம்பிவிட்டால் நவம்பர் மழைக்கு ஒரு சொட்டு இடமும் கூடவில்லை. தோண்டியது வீண் இல்லை, கோடைக்கு உதவும். வெள்ளத்துக்கு உதவ வேண்டுமானால் கலங்கலில் திறந்து மூடும் மதகு வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் திறக்கும் அதிகாரம் யாரிடமாவது எழுத்தில் இருக்க வேண்டும்.

குடிநீருக்கு ஏரியை நிரப்பி வைக்க வேண்டும், வெள்ளத்துக்குக் காலியாக வைக்க வேண்டும். இரண்டும் ஒரே ஏரியில் நடக்காது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் 2015 டிசம்பர் 1இல் ஏறக்குறைய நிரம்பி நின்ற நிலையில், விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்க வேண்டியதாயிற்று. அடையாற்றின் இரு கரையும் மூழ்கின. அதே ஊர் 2019 ஜூனில் ஏரிகளெல்லாம் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வாங்கியது. இந்த இரண்டையும் பார்த்த அதிகாரி யாரும் நவம்பரில் மதகைத் திறக்கத் தயங்குவார். ஆகவே உங்கள் பகுதி ஏரி குடிநீர் ஏரியா, குடிநீருக்கு எடுக்காத வெறும் தாங்கல் ஏரியா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது வகை என்றால் மழைக்கு முன் மட்டத்தை இறக்கிவைக்கச் சொல்வதற்குத் தடை எதுவும் இல்லை.

ஏரியின் உபரிநீர் வெளியேறும் போக்குக் கால்வாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கலங்கலில் முப்பதடி அகலம் இருக்கும். இரண்டு தெரு தள்ளி இருபதடி. அடுக்குமாடி மதில் ஓரம் வரும்போது ஆறடி. பிறகு ஒரு தனியார் மனைக்குள் குழாயாகப் போய்க் காணாமல் போகும். ஏரிக்குக் கோடிக்கணக்கில் செலவழித்து நடைபாதை, விளக்கு, செல்ஃபி மேடை எல்லாம் வைப்பார்கள். இந்த ஆறடியை யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் ஆக்கிரமிப்பு அகற்றம், அதாவது வழக்கு. அங்கே பெரும்பாலும் இருப்பது ஏழைகளின் வீடுகள் என்றால், மாற்றிடம் கொடுக்காமல் அகற்றுவதற்கு உங்கள் சங்கம் குரல் கொடுக்கப்போகிறதா என்பதையும் யோசிக்க வேண்டும். அகற்றப்பட்டவர்களை அடுத்த வெள்ளம் வரும் இடத்திலேயே, பெரும்பாக்கம் மாதிரி, குடிவைத்த வரலாறும் இந்த ஊருக்கு உண்டு.

தரத்தில் ஏரி உதவும், ஒரு எல்லை வரை. தண்ணீர் நின்றால் வண்டல் அடியில் படியும், கோரையும் நாணலும் கொஞ்சம் வடிகட்டும். சாக்கடை தொடர்ந்து வந்தால் ஆகாயத்தாமரை மூடும், மீன் செத்து மிதக்கும், சுற்றியுள்ள போர் தண்ணீரும் கெடும். சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகள் மீட்கப்பட்டதற்குப் பின்னால் அந்தப் பகுதி மக்களின் பல ஆண்டு முயற்சி இருக்கிறது. சாக்கடையைத் தடுப்பதுதான் அங்கேயும் கடினமான பாதி.

புதிதாகவும் வெட்டலாம். கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024இல் அரசு எடுத்துக்கொண்ட பின் அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. கிண்டி, வேளச்சேரிப் பக்கம் இறங்கும் தண்ணீரை வழியிலேயே பிடித்துவைப்பது நோக்கம். அந்த அளவு நிலம் ஊருக்குள் இன்னொன்று கிடைப்பது அரிது. மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கிய ஊர் இது.

## உறைகிணறும் ஸ்பாஞ்ச் பூங்காவும்

மூன்றடி விட்டம், பதினைந்து அடி ஆழம் உள்ள ஓர் உறைகிணறு ஏறக்குறைய 3,000 லிட்டர் கொள்ளும். 40 லட்சம் லிட்டரைத் தேக்கிவைக்க இப்படி 1,300க்கு மேல் வேண்டும். மண் குடித்துக்கொண்டே இருந்தால் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். மணலில் ஒரு கிணறு மழை நேரத்துக்குள்ளேயே பலமுறை நிரம்பி இறங்கும். களிமண்ணில் ஒருமுறை நிரம்பினால் மறுநாள் வரை அப்படியே நிற்கும்.

ஆகவே உறைகிணறு பெருவெள்ளத்துக்கு மருந்து இல்லை. அதை அப்படி விற்பவர்களை நம்ப வேண்டாம். சிறு மழைகளைத் தெருவிலேயே முடித்துவைப்பதும், கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவைக் குறைப்பதும் அதன் வேலை. அந்த வேலைக்கு நான்கிலும் மலிவு இதுதான், ஒரு மழைக்காலத்துக்குள் பலனும் தெரியும். 2003இல் தமிழகம் முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அடுத்த சில ஆண்டுகளில் கிணறுகளில் மட்டம் ஏறியதைப் பலரும் கண்ணால் பார்த்தோம். பிறகு மொட்டைமாடிக் குழாய் உடைந்தது, வடிகட்டும் தொட்டியில் கூழாங்கல் சேறானது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று புதுக் கட்டடங்களில் அனுமதிக்காக வைக்கும் பலவும் தரைக்கு மேல் குழாய், தரைக்குக் கீழ் ஒன்றுமில்லை.

மொட்டைமாடித் தண்ணீர் வேறு, சாலைத் தண்ணீர் வேறு. மாடியில் விழுவது ஓரளவு சுத்தம். வடிகட்டிக் கிணற்றில் விடலாம். சாலையில் ஓடியதை வண்டல் தொட்டியும் ஜல்லி, மணல் அடுக்கும் இல்லாமல் விடக் கூடாது. பழைய போர் குழாய்க்குள் நேராகச் சாலைத் தண்ணீரைத் திருப்பிவிட்ட சங்கங்கள் உண்டு. அந்தத் தெருவின் நிலத்தடி நீரில் தாமே நேரடியாக அழுக்கைக் கலக்கிறோம் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. தெருவில் சாக்கடை பொங்கும் வழக்கம் இருந்தால் சாலையோர உறைகிணறே வேண்டாம்.

அண்மை ஆண்டுகளில் மாநகராட்சி பூங்காக்களில் பள்ளம் வெட்டி அமைக்கும் ஸ்பாஞ்ச் பூங்கா, குளத்துக்கும் உறைகிணற்றுக்கும் நடுவில் வருவது. நிலம் ஏற்கெனவே மாநகராட்சியுடையது, வழக்கு கிடையாது, இன்னொரு துறையிடம் அனுமதி கேட்க வேண்டாம். ஒரே தகராறு பூங்காவில் நடப்பவர்களோடு. பூங்கா தெருவைவிட மேடாக இருந்தால் தண்ணீர் அங்கே ஏறாது. பல பூங்காக்களில் மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். மூன்று நாளுக்கு மேல் தண்ணீர் நிற்கும் மண்ணாக இருந்தால் கொசுவுக்கும் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும்.

## பம்ப்

விநாடிக்கு 50 லிட்டர் இறைக்கும் பம்ப் ஒன்று 40 லட்சம் லிட்டரை இறைக்க 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு வைத்தால் பாதி. இறைத்ததைக் கொட்ட இடம் வேண்டும். கொட்டும் ஓடை நிரம்பி வழிந்தால் அதே தண்ணீர் சுற்றிவந்து உங்கள் வாசலிலேயே நிற்கும்.

மின்சாரம் போகும் அன்றுதான் பம்ப் தேவைப்படும் என்பதால் டீசல் கட்டாயம். ஆள் வேண்டும், அதுவும் விடிய விடிய. மழை எச்சரிக்கை வந்ததும் டிராக்டர் பம்புகளை வாடகைக்கு எடுப்பதில் வார்டுகளுக்குள் போட்டி. குரல் பெரிதாக உள்ள தெருவுக்கு முதலில் போகும். ஆனாலும் சுரங்கப்பாதைகளுக்கும், ஓடையின் மழைக்கால மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கும் தெருக்களுக்கும் வேறு வழி இல்லை. அங்கே வடிகால் முனையில் தண்ணீர் பின்னோக்கி ஏறாமல் தடுக்கும் கதவும், ஒரு கிணற்றுத் தொட்டியும், நிலையான பம்பும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் வாடகைக்கு எடுப்பதைவிட அது மலிவா என்பதை மாநகராட்சியின் கடந்த ஆண்டுச் செலவுக் கணக்கே காட்டும்; தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

## ஒரே பார்வையில்

| | வடிகால் | ஏரி, குளம் | உறைகிணறு, ஸ்பாஞ்ச் பூங்கா | பம்ப் |
|---|---|---|---|---|
| 40 லட்சம் லிட்டருக்கு | முனை திறந்திருந்தால் ஒன்றரை மணி நேரம் | ஒரு ஏக்கரில் ஒரு மீட்டர் காலி இடம் | தனியாகப் போதாது | ஒரு பம்புக்கு ஒரு நாள் |
| எது இருந்தால் பலன் | நல்ல சாய்வு, தாழ்ந்த முனை | மதகும் முழு அகலப் போக்குக் கால்வாயும் | மணல், ஆழத்தில் நிலத்தடி நீர் | டீசல், ஆள், கொட்ட இடம் |
| எது கெடுக்கும் | வண்டல், நிரம்பிய ஆறு | ஆக்கிரமிப்பு, நிரப்பியே வைக்கும் ஆசை | களிமண், பொங்கும் சாக்கடை | நிரம்பிய ஓடை |
| தண்ணீரின் தரம் | அழுக்கை அப்படியே கடத்தும் | சாக்கடை இல்லையேல் மேம்படும் | வடிகட்டினால் நல்லது | மாற்றமில்லை |
| எத்தனை துறை | இரண்டு, மூன்று | மூன்று, நான்கு | ஒன்று | ஒன்று |
| பலன் தெரிய | ஓரிரு ஆண்டு | பல ஆண்டு | ஒரு மழைக்காலம் | அன்றே |

## எந்தத் தெருவுக்கு எது

தெரு மேடு, ஓடை கீழே, நடுவில் முறையான சாய்வு: வடிகால் கேளுங்கள், தயங்க வேண்டாம். கூடவே பாதாளச் சாக்கடை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதையும் அதே மனுவில் எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே தடவை சாலையை வெட்டினால் போதும்.

மணல் நிலம், கிணற்றில் மழைக்காலத்திலும் ஆழத்தில் தண்ணீர்: உறைகிணறும் ஸ்பாஞ்ச் பூங்காவும் போதும். தெருவை முழுக்கச் சிமென்ட் கல் பதிக்க வேண்டாம் என்று சொல்வதே பாதி வேலை.

களிமண், தட்டை, சுற்றிலும் ஏரிகள், தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது: புது வடிகாலால் பெரிதாக ஒன்றும் நடக்காது. மேலே இருக்கும் ஏரியின் மதகு, கீழே இருக்கும் போக்குக் கால்வாயின் அகலம் இரண்டையும் பிடித்துத் தொங்க வேண்டும். ஒரு தெருவால் ஆகாது; அந்த ஓடையைச் சேர்ந்த எல்லாச் சங்கமும் சேர்ந்து நீர்வளத் துறைக்குப் போக வேண்டும். 2021 வெள்ளத்துக்குப் பின் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் அரசு அமைத்த குழு 2023இல் தன் இறுதி அறிக்கையை அளித்தது. உங்கள் ஓடைக்கு என்ன பரிந்துரை, அதில் எது முடிந்தது என்று கேட்பது நல்ல தொடக்கம். அது முடியும் வரை வீட்டுக்கு வீடு செய்ய வேண்டியது தனி: சம்ப் மூடியைத் தரைக்கு மேல் தூக்கிக் கட்டுவது, மின் மீட்டரை உயர்த்துவது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சிரித்தவர்கள் பலர், நிறுத்தியவர்கள் தங்கள் தெருவின் மட்டத்தைச் சரியாகப் படித்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஓடை மட்டத்தைவிடத் தாழ்ந்த தெரு: கதவும் பம்பும்.

தொழிற்சாலைகளுக்கு அருகிலிருக்கும் தெரு என்றால் அளவைவிடத் தரம் முதலில் வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் எண்ணூர்க் கழிமுகம் வரை பரவி, மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் வீட்டுச் சுவர்களையும் பாழாக்கியது. அங்கே வடிகாலை அகலமாக்கக் கேட்பதற்கு முன், மேலே உள்ள வளாகங்களின் மழைநீர் தனியாகப் பிரிந்து வருகிறதா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்க வேண்டும்.

மனுவில் "வடிகால் அமைத்துத் தர வேண்டுகிறோம்" என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். எந்த இடத்தில் எத்தனை அங்குலம், எத்தனை மணி நேரம் நின்றது, புகைப்படத்தில் தேதியோடு; லெவல் டியூபில் கிடைத்த அளவு; மே மாதம் வடிகாலில் ஓடிய தண்ணீரின் படம். உதவிப் பொறியாளருக்கு மதிப்பீடு போட இவை உதவும், மறுப்பதற்கும் கடினமாக இருக்கும். தை, மாசிக்குள் கொடுத்தால்தான் டெண்டர் முடிந்து ஆவணிக்குள் வேலை முடியும். புரட்டாசியில் தோண்டிய பள்ளம் ஐப்பசியில் குளமாகும், அதில் விழுந்து உயிர் போன செய்தியும் வரும்.

வடிகால்தான் என்று முடிவானால் வரைபடத்தில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள இன்வர்ட் லெவலை, அதாவது வடிகாலின் அடித்தள மட்டத்தை, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடித்தளக் கான்கிரீட் இறுகிய மறுநாள், பக்கச்சுவர் எழும்புவதற்கு முன், மேல்முனையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நடுவில் எங்காவது தேங்கினால் ஒப்பந்ததாரர் அங்கேயே நிற்கும்போது காட்டிவிடலாம். மூடி போட்ட பிறகு அந்தப் பள்ளம் யார் கண்ணுக்கும் தெரியாது.